ஆக்சிஜன் சிலிண்டர் கொடுத்தவரிடம் நாயைக் கட்டச் சொல்வது எப்படி?

அன்புள்ள ஆலோசகருக்கு வணக்கம்.

நான் தில்லி மயூர் விஹாரில், டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். வயது 43. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவருக்கு மத்திய அரசு வேலை. ஒரே மகள், எட்டு வயது.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எல்லா வீட்டுக்கும் ஒரே மாடிப்படி. எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற பஞ்சாபி அங்கிளும் ஆன்ட்டியும் இருக்கிறார்கள். அவர்களிடம் ப்ரூனோ என்று ஒரு லேப்ரடார். அது இதுவரை யாரையும் கடித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கழுத்தில் பட்டை மட்டும்தான், கயிறோ சங்கிலியோ கிடையாது. காலையிலும் சாயங்காலமும் கதவைத் திறந்துவிட்டுவிடுவார்கள். அது பாட்டுக்கு மொட்டை மாடிவரை ஏறி, ஒவ்வொரு வீட்டு வாசலையும் மோந்து பார்த்து, பார்க்குக்குப் போய்த் தானாகத் திரும்பி வரும்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே நாய் என்றால் நடுக்கம். ஊரில் ஒன்பது வயதில் ஒரு தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். கடித்த வலி மறந்துவிட்டது. ஊசி போட என்னை அமுக்கிப் பிடித்துக்கொண்ட மாமாவின் கை மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

போன மாதம் கோயிலுக்குக் கிளம்பிப் படி இறங்கும்போது ப்ரூனோ மேலே ஏறி வந்தது. இரண்டு முன்காலையும் தூக்கி என் இடுப்பில் வைத்தது. நான் போட்ட கூச்சலில் கையிலிருந்த தேங்காய், பழத் தட்டு எல்லாம் படியில் உருண்டது. அங்கிள் வெளியே வந்து சிரித்துக்கொண்டே, "அரே பேட்டா, குச் நஹீ கரேகா, பியார் கர் ரஹா ஹை" என்றார். ஒன்றும் செய்யாதாம், பாசம் காட்டுகிறதாம். நானும் பல்லைக் காட்டி "கோயி பாத் நஹீ அங்கிள்ஜி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அதிலிருந்து கதவுத் துளை வழியாகப் பார்த்து, படியில் நகச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறேன். மதர் டெய்ரி பூத்துக்குப் பால் வாங்கப் போவதை நிறுத்திவிட்டேன், கணவர்தான் போகிறார். சாயங்கால நடை போச்சு. இப்போது மகளும் படியில் என் புடவையைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறாள். கணவரோ "பழகினால் சரியாகிவிடும், நீதான் பயந்தாங்கொள்ளி" என்கிறார்.

நேராகப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். 2021 ஏப்ரலில் தில்லி முழுக்க ஆக்சிஜனுக்கு அலைந்த நாட்களில் என் கணவருக்கு மூச்சு முட்டியது. எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. ராத்திரி எங்கெங்கோ போன் போட்டு, தன் காரிலேயே ஒரு சிலிண்டரைக் கொண்டுவந்து மூன்று மாடி ஏற்றியவர் அந்த அங்கிள். அவரிடம் போய் "உங்கள் நாயைக் கட்டுங்கள்" என்று எந்த வாயால் சொல்வேன்? என் இந்தியும் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் இந்திதான். நயமாகச் சொல்ல நினைத்தால் அதட்டுவது மாதிரி வந்துவிடும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே நாய் விஷயத்தில் இரண்டு கட்சி. வாயைத் திறந்தால் நாய் விரோதி என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

இன்னொன்று. ஒரு நாள் பால்கனியிலிருந்து பார்க்கும்போது ப்ரூனோ ரோட்டைக் கடந்தது, ஒரு வேன் வேகமாக வந்தது. மோதிவிட்டால் நிம்மதி என்று மனசு நினைத்துவிட்டது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் என்ன மாதிரி மனுஷி?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நாயைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது உங்கள் சிரிப்பு. தட்டு உருண்டு, கை கால் நடுங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் "பரவாயில்லை" என்று சிரித்திருக்கிறீர்கள். அங்கிள் இருந்த இடத்திலிருந்து பாருங்கள். மேல் வீட்டுப் பெண் திடுக்கிட்டுக் கத்தினாள், அப்புறம் சிரித்தாள், போய்விட்டாள். நீங்கள் கதவுத் துளையில் கண் வைத்து நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் உங்கள் வேண்டுகோளை மறுத்தவர் அல்ல. அவரிடம் யாரும் இன்னும் கேட்கவே இல்லை.

உங்கள் கணவர் சொல்வது பாதி உண்மை. பயம் பழக்கத்தால் குறையும் என்பது உளவியலில் நூறு வருடமாகத் தெரிந்த சங்கதி. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற குழந்தையைப் பற்றி எழுதினார். குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கூண்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அந்தக் குழந்தை முயலைத் தொட்டு விளையாடியது. இன்று நாய்ப் பயத்துக்குத் தரும் சிகிச்சைக்கும் அடிப்படை ஏறக்குறைய இதுதான். ஆனால் அங்கே முயல் கூண்டில் இருந்தது, தூரத்தை மனிதர்கள் தீர்மானித்தார்கள். உங்கள் படிக்கட்டில் தூரத்தைத் தீர்மானிப்பது ப்ரூனோ. எப்போது, எந்தத் திருப்பத்தில் வரும் என்று தெரியாமல், ஒதுங்க இடமும் இல்லாமல் எதிர்ப்பட்டுக்கொண்டிருந்தால் பயம் தேயாது, இன்னும் இறுகும்.

அதனால் "முதலில் என் பயத்தைச் சரிசெய்துகொள்கிறேன், அப்புறம் தேவைப்பட்டால் பேசுகிறேன்" என்று வரிசை போட்டிருந்தால் அதை மாற்றுங்கள். முதலில் படியில் கயிறு. பயத்தைக் குறைக்கும் வேலையை அதற்குப் பிறகுதான் தொடங்கவே முடியும்.

இப்போது நன்றிக்கடன். இதில்தான் நீங்கள் ரொம்பச் சிக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அன்று ராத்திரி அவர் செய்த உதவிக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மௌனத்தால் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அந்த வட்டியைக் கேட்டாரா? மூன்று மாடி சிலிண்டர் தூக்கிவந்த மனிதர், அதே வீட்டுப் பெண் தன் நாய்க்குப் பயந்து பால் வாங்கக்கூட இறங்குவதில்லை என்று தெரிந்தால் கோபப்படுவாரா, வருத்தப்படுவாரா? அவரை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வருத்தப்படுவார் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. சொல்லாமல் இருப்பதால் உறவு பத்திரமாக இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். அவர் குரல் கேட்டால் கதவைச் சாத்தும் நிலைக்கு வந்தாயிற்று. இப்படியே போனால் இன்னும் கொஞ்ச நாளில் தீபாவளிக்கு இனிப்பு கொடுக்கக்கூட இறங்க மாட்டீர்கள். அவர்கள் காரணம் புரியாமல் விழிப்பார்கள்.

வேன் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வாயால் கேட்க வழியில்லாதபோது மனசு இப்படிக் குறுக்கு வழி தேடும். ஒரு நினைப்பு வந்து போவதும், ஒரு செயலைச் செய்வதும் வேறு வேறு. அன்று நீங்கள் தூங்காமல் புரண்டதே நீங்கள் என்ன மாதிரி மனுஷி என்பதற்குப் பதில்.

சரி, எப்படிச் சொல்வது? படியில் நாய் நிற்கும்போது வேண்டாம், நடுக்கம் குரலில் வந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். நீங்கள் பயப்படும் அந்த இரண்டு கட்சியும் உங்கள் ஒரு வரியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டு, பதினோரு நாளில் அதை மாற்றியதிலிருந்து இந்த ஊரில் நாய் என்ற சொல்லே சண்டைக்கு அழைப்பாகிவிட்டது. அது தெருநாய்களைப் பற்றியது, உங்கள் வீட்டுப் படிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏதாவது கொஞ்சம் பலகாரத்தோடு ஆன்ட்டி இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். முன்கூட்டியே போன் செய்து ப்ரூனோவை ஓர் அறையில் விடச் சொல்லுங்கள். அதுவே பேச்சைத் தொடங்கிவைக்கும். நாயின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். "அது மேலே பாய்கிறது" என்றால் அவர் "பாய்வதில்லை, கொஞ்சுகிறது" என்பார், அப்புறம் வழக்கு முடியவே முடியாது. நாய் வளர்ப்பவர்கள் அத்தனை பேரும் "ஒன்றும் செய்யாது" என்ற அந்த ஒரே வசனத்தை எங்கே போய்ப் பாடம் படித்துவருகிறார்களோ! அவர் அதைச் சொன்னால் "சரிதான் அங்கிள்ஜி, ப்ரூனோ நல்லவன்தான், பயம் எனக்கு" என்று ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயத்தை யாரும் மறுத்துப் பேச முடியாது. சிறு வயதில் கடித்ததையும் ஊசியையும் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு வேண்டுகோள்: "ஸீடீ பே லீஷ் லகா தீஜியே, ப்ளீஸ்." படியில் மட்டும் கயிறு கட்டுங்கள் என்று அர்த்தம். அவர் வீட்டு வாசலிலிருந்து பார்க் வரை கயிறு, மொட்டை மாடிக்குத் தனியாக விடாமல் இருப்பது, அவ்வளவே. நாள் முழுக்கக் கட்டிப்போடச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அது உங்கள் நோக்கமும் இல்லை. இந்தி தடுமாறினால் தடுமாறட்டும். சரளமான இந்தியில் வரும் புகாரைவிடத் திக்கித் திணறி வரும் வேண்டுகோள் இந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்யும். கணவரை உடன் அழைத்துப் போகலாம், ஆனால் பேசுவது நீங்களாக இருங்கள். அவர் பேசினால் "என் மனைவி கொஞ்சம் பயந்த சுபாவம்" என்று சிரிப்போடு முடித்துவிடுவார்.

அங்கிள் ஒத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் மறந்துபோவார், அதற்கும் தயாராக இருங்கள். அவருக்கு மட்டும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி நினைவுபடுத்துங்கள். அதுவும் பலிக்காவிட்டால் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம், படிக்கட்டில் கயிறு கட்டாயம் என்று பொதுவாக ஓர் அறிவிப்புப் போடச் சொல்லலாம். நாயே வளர்க்கக் கூடாது என்று சங்கம் தடை போட முடியாது, இப்படி ஒழுங்கு வைத்துக்கொள்ளும்படி கேட்கலாம். தில்லியில் வளர்ப்பு நாயை மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை. நாயால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறும் உரிமையாளருக்கு, இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. இது தெரிந்திருக்கட்டும், பலகாரத் தட்டோடு எடுத்துப் போக வேண்டாம்.

கயிறு வரும்வரை எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், ஓடினால் அது விளையாட்டு என்று துரத்தும். சுவர்ப்பக்கம் திரும்பி, கையை மார்போடு கட்டி, அதன் கண்ணைப் பார்க்காமல் அசையாமல் நில்லுங்கள். மகளுக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள். அவள் முன்னால் தைரியசாலியாக நடிக்க வேண்டியதில்லை, குழந்தைகள் அம்மாவின் முகத்தைத்தான் படிப்பார்கள். "அம்மாவுக்குக் கொஞ்சம் பயம், அதனால் இப்படி நிற்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

அந்தத் தொப்புள் ஊசியைப் பற்றியும் ஒன்று. அந்தப் பழைய மருந்து இருபது வருடத்துக்கு முன்பே நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், வழக்கமாக 0, 3, 7, 14, 28 என்ற நாட்களில். எந்த நாய் கடித்தாலும், நகம் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஆழமான காயமென்றால் அந்த இடத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போடுவார்கள். உங்கள் மாமா இனிமேல் யாரையும் அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

படி ஒழுங்கானதும் பயத்துக்கான வேலையைத் தொடங்கலாம். முதலில் ப்ரூனோ கயிற்றோடு போவதைப் பால்கனியிலிருந்து பாருங்கள். நெஞ்சுப் படபடப்பு தானாக இறங்கும்வரை உள்ளே போகாதீர்கள். அது பழகியபின் பார்க்கின் எதிர்ப்பக்கம், அப்புறம் ஆன்ட்டி கயிற்றைப் பிடித்திருக்கும்போது கொஞ்சம் பக்கத்தில். தொட்டுக் கொஞ்ச வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை, பால் வாங்கிவர முடிந்தால் போதும். தனியாக முடியவில்லை என்றால் உளவியல் நிபுணரோடு செய்யலாம், இந்த வகைப் பயத்துக்குச் சிகிச்சை நன்றாகவே பலிக்கிறது. உங்களுக்குத் தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ் அரசு மனநல மருத்துவமனை அதிகத் தூரமில்லை. இறங்கிப் போகவே தயக்கமாக இருக்கும் நாட்களில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

– ஆலோசகர்