தொடர்மாடி அறைக்குள் மிளகாய்: எந்தச் சாடி, எத்தனை லீற்றர்?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். நேர் வெயில் இல்லாததால் அறை மூலையில் 4 அடிக்கு 2 அடி இடத்தில், 5 அடி உயர இரும்புத் தட்டில் 200 வாட் எல்.ஈ.டி. விளக்கு பொருத்தி எம்.ஐ.-2 மிளகாய் ஆறும் தக்காளி இரண்டும் வளர்க்க நினைக்கிறோம். துணிப் பையா, மண் சாடியா, பிளாஸ்டிக்கா? ஒரு கடையில் 25 லீற்றர் பை வேண்டும் என்கிறார்கள், இன்னொரு கடையில் 3 லீற்றர் போதும் என்கிறார்கள். இருவரும் வேலைக்குப் போகிறோம். மாதத்தில் ஒரு வார இறுதி யாழ்ப்பாணம் போய்விடுவோம்.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி இரண்டு வரிகளில்தான் அளவு இருக்கிறது. சாடியின் அளவைத் தீர்மானிப்பது செடியை விட, நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட முடியும் என்பதே.

கணக்கு இதுதான். காய்க்கத் தொடங்கிய மிளகாய்ச் செடி இத்தகைய விளக்கின் கீழ் நாளுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் குடிக்கும். குளிரூட்டி ஓடும் அறையானால் இன்னும் கூடும். தும்புத்தூள் கலவை நிறையத் தண்ணீர் பிடித்தாலும், வேர் சிரமமில்லாமல் எடுக்கக்கூடியது சாடிக் கொள்ளளவில் சுமார் கால்பங்கு. 3 லீற்றர் சாடியில் அது முக்கால் லீற்றர். நீங்கள் காலையில் ஊற்றிவிட்டுப் போனால் மாலை திரும்பும்போது இலை தொங்கிக்கொண்டிருக்கும். 12 லீற்றர் சாடியில் மூன்று லீற்றர், அதாவது மூன்று நாள். யாழ்ப்பாணப் பயணத்துக்கு அது மட்டுமட்டாகப் போதும். 25 லீற்றர் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உள்ளறையில் வெயிலும் காற்றும் குறைவு. செடி சிறிதாக இருக்கும் காலம் முழுவதும் வேர் எட்டாத கலவை ஈரமாகவே கிடந்து புளித்துப் போகும். சின்னக் கறுப்பு ஈக்கள் மொய்க்கும், அடுத்து வேரழுகல் வரும். மிளகாய்க்கு 10 முதல் 12 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொல்லும் 'பன்னிரண்டு அங்குலச் சாடி' என்பது வாய் அகலம் மட்டுமே. அடி ஒடுங்கியிருந்தால் கொள்ளளவு நினைப்பதை விடக் குறைவு. ஓட்டைகளை டேப்பால் அடைத்து, ஒன்றரை லீற்றர்ப் போத்தலால் தண்ணீர் ஊற்றி எண்ணிப் பாருங்கள். மேலே இரண்டு செ.மீ. விட்டு, எட்டுப் போத்தல் பிடித்தால் 12 லீற்றர்.

உயரத்தையும் பாருங்கள். 5 அடி என்றால் 150 செ.மீ. விளக்கும் அதன் சங்கிலியும் 15, விளக்குக்கும் நுனிக்கும் இடைவெளி 30, சாடியும் அதன் கீழ்த் தாங்கியும் 30 போனால் செடிக்கு 75 செ.மீ. மிஞ்சும். ஒடுங்கி உயர்ந்த வாளியை வைத்தால் அதிலும் ஒரு சாண் போய்விடும். எம்.ஐ.-2 மஹஇலுப்பள்ளம விவசாய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயலுக்கென வந்த இனம். கன்று 20 செ.மீ. ஆனதும் நுனியைக் கிள்ளிவிடாவிட்டால் விளக்கைத் தொட்டுவிடும். எண்ணிக்கை ஆறு வேண்டாம். நான்கு சாடிகளைக் குறுக்காக மாற்றி மாற்றி வையுங்கள். ஆறு வைத்தால் இலைகள் ஒன்றையொன்று மூடி, காற்றோடாமல் பூ உதிரும்.

இனி எந்தப் பொருளில் வாங்குவது. என் தெரிவு 25 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் சாடி. வட்டத்தை விட இடத்தை வீணாக்காது, கழுவ இலகு. கறுப்புச் சாடி வெயிலில் சுட்டு வேரை வேகவைக்கும் என்ற பயம் உங்களுக்கு இல்லை. எல்.ஈ.டி.யின் கீழ் எந்த நிறமும் சரி, ஒளி ஊடுருவும் வாளி மட்டும் வேண்டாம், உள்ளே பாசி படரும். துணிப் பையின் நன்மை உண்மையானது. பக்கவாட்டில் காற்றைச் சந்திக்கும் வேர்நுனி காய்ந்து நின்றுவிட, உள்ளே புதிய கிளைவேர்கள் வரும், வேர் வட்டமாகச் சுற்றாது. ஆனால் எல்லாப் பக்கமும் உலர்வதால் மேலே சொன்ன மூன்று நாள் இரண்டாகக் குறையும். பையின் வெளியே வெள்ளை உப்பும் படியும். பகல் முழுக்க வீட்டில் ஆள் இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். மண் சாடி நல்ல பொருள்தான், ஐந்தாம் மாடித் தட்டுக்குப் பாரம் கூடியது. 12 லீற்றர் நனைந்த கலவையே 9 கிலோ அளவில் வரும்.

செலவு பார்த்தால் கழுவிய பெயின்ற் வாளி போதும். எமல்ஷன் வாளி மட்டும், எண்ணெய்ப் பெயின்ற் வாளி வேண்டாம். அடியில் 10 மி.மீ. ஓட்டை எட்டு, பக்கச் சுவரில் அடியிலிருந்து ஒரு செ.மீ. உயரத்தில் நான்கு. தட்டையான அடி தரையோடு ஒட்டி ஓட்டை அடைபட்டாலும் பக்கத்து ஓட்டை வடிக்கும். அடியில் கல் போடும் பழக்கத்தை விடுங்கள். எந்தச் சாடியிலும் கலவையின் அடிப்பகுதி சில செ.மீ. தண்ணீர் வடியாமல் நிற்கும். கல் போட்டால் அந்த ஈர அடுக்கு கல்லுக்கு மேல் ஏறி வேருக்கு அருகே வரும், அவ்வளவுதான். ஓட்டையை மூட ஒரு துண்டு வலை போதும்.

கலவை: தும்புத்தூள் 3 பங்கு, கூட்டெரு 2, உமிக்கரி 1. தும்புத்தூள் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்து கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை விளிம்பைக் கருக்கும்.

விதையிலிருந்து நேரே 12 லீற்றருக்குப் போகாதீர்கள். தேநீர்க் கடதாசிக் கோப்பையில் முளைக்கவிட்டு, நான்கு முதல் ஆறு உண்மையிலை (முதலில் விரியும் இரண்டு வித்திலைகளுக்குப் பிறகு வருபவை) வந்ததும் ஒரு லீற்றர்ப் பைக்கு மாற்றுங்கள். பையைக் கழற்றினால் கலவை உதிராமல் நிற்கிறதா, வேர் ஓரத்தைத் தொட்டிருக்கிறதா, இன்னும் சுற்றத் தொடங்கவில்லையா என்று பாருங்கள். அதுதான் பெரிய சாடிக்கு மாற்றும் நேரம். பிந்திவிட்டால் சுற்றிய வேரை விரலால் பிரித்துவிட்டு நடுங்கள்.

தக்காளி? அதற்கு 15 முதல் 20 லீற்றர் வேண்டும். குறைந்தால் ஈரம் ஏறி இறங்கி, கல்சியம் காய்க்குப் போய்ச் சேராமல் காயின் அடி கறுக்கும். நான்கு மிளகாயில் இரண்டைக் குறைத்துக் குட்டை இனத் தக்காளி ஒன்று வைக்கலாம். இரண்டு தக்காளிக்கு உங்கள் தட்டில் இடமில்லை.

ஊற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு அடியால் வடியும் வரை ஊற்றுங்கள், உப்பும் கூடவே இறங்கும். தண்ணீர் உடனே சுவரோரமாக ஓடி வடிந்தால் கலவை காய்ந்து சுருங்கிவிட்டது என்று பொருள். சாடியை அரை மணி நேரம் தண்ணீர்த் தட்டத்தில் நிறுத்தி உறிஞ்சவிடுங்கள். சாடியைத் தட்டத்திலிருந்து நான்கு போத்தல் மூடி உயரம் தூக்கி வைத்து, வடிந்ததை அன்றே கொட்டிவிடுங்கள். கொழும்பில் தட்டத்து நீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டை சுவரில் ஒட்டி, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், கொட்டினால் மட்டும் போதாது. பயணத்துக்கு முன் தட்டத்தில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகும் யோசனை வேண்டாம். புறப்படும் காலை நன்றாக ஊற்றி வடியவிட்டு, மேலே இரண்டு விரல் கனத்துக்குத் தென்னந்தும்பு பரப்பி, விளக்கின் டைமரை நாளுக்கு 14 மணி நேரத்திலிருந்து 10 மணி நேரமாகக் குறைத்துவிட்டுப் போங்கள்.