9 வாட் பல்ப் 12 வாட்டை விடக் கூட வெளிச்சம் தருமா?

கேள்வி: வீட்டில் இரண்டு குண்டு பல்பும் மூன்று சி.எப்.எல்லும் இருக்கின்றன. எல்லாவற்றையும் எல்.ஈ.டிக்கு மாற்றலாமென்று கடைக்குப் போனேன். 9 வாட், 12 வாட் என இரண்டைக் காட்டினார்கள். 12 வாட் விலையும் குறைவு, வெளிச்சமும் கூட என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது? பெட்டிகளின் படத்தை அனுப்பியுள்ளேன். – வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: படம் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. 9 வாட் பெட்டியில் 900 லூமன் என்றும் 12 வாட் பெட்டியில் 840 லூமன் என்றும் போட்டிருக்கிறது. வாட் என்பது பல்ப் இழுக்கும் கரண்ட்டின் கணக்கு. வெளிச்சத்தின் கணக்கு லூமன். ஆக, 9 வாட் பல்ப்தான் கூடுதலாக வெளிச்சம் தரும், கரண்ட்டும் குறைவாக இழுக்கும். குண்டு பல்ப் காலத்தில் 40, 60, 100 என்று வாட்டைச் சொன்னாலே வெளிச்சம் விளங்கிவிடும். எல்.ஈ.டியில் ஒவ்வொரு தயாரிப்பும் ஒவ்வொரு தரம் என்பதால் அந்தப் பழக்கம் உதவாது.

சரி, ஐந்தையும் இப்போதே மாற்ற வேண்டுமா? 60 வாட் குண்டு பல்ப் தருவது ஏறத்தாழ 700 லூமன்தான். தினம் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு போகும். 14 வாட் சி.எப்.எல் என்றால் 2.1 அலகு, 9 வாட் எல்.ஈ.டி என்றால் 1.35 அலகு. குண்டு பல்புகளை இன்றைக்கே கழற்றுங்கள். சி.எப்.எல்லை மாற்றினால் மிச்சமாவது மாதம் முக்கால் அலகுதான், அது பழுதாகும்வரை எரியட்டும். உடைந்தால் மட்டும் கவனம், உள்ளே சிறிதளவு பாதரசம் இருக்கிறது. யன்னலைத் திறந்துவிட்டு, கைபடாமல் அள்ளுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போன் கமெராவை பல்புக்கு நேரே பிடியுங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் பட்டை பட்டையாக ஓடினால் அந்த பல்ப் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது. பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு அது வேண்டவே வேண்டாம். உத்தரவாதக் காலத்தைத் திகதியோடு பில்லில் எழுதி வாங்குங்கள். பிறகு கடைக்காரர் கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.

கேள்வி: கைத்தறிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். வெள்ளை எல்.ஈ.டி போட்டதிலிருந்து, சிவப்புச் சேலை வெளியே கொண்டுபோனால் வேறு நிறமாகத் தெரிகிறது என்கிறார்கள். வாட்டைக் கூட்டினால் சரிவருமா? – வாசகர், மருதமுனை

பதில்: வராது. நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ என்று தனி அளவு உண்டு. பகல் வெளிச்சம் 100. வீடுகளுக்கு விற்கும் எல்.ஈ.டி பெரும்பாலும் 80 அளவில்தான் இருக்கும், அதில் கடுஞ்சிவப்பு மங்கிவிடும். 90க்கு மேற்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் கெல்வின் எண்ணையும் பாருங்கள். 6500 கெல்வின் நீலம் தட்டும், 2700 மஞ்சள் தட்டும், உங்களுக்கு 4000 பொருந்தும். இந்த வகை விலை கூட, அதே வாட்டுக்கு லூமனும் கொஞ்சம் குறையும். அதனால் சேலை விரித்துக் காட்டும் இடத்துக்கு மேலே மட்டும் போடுங்கள். ஸ்டோருக்கு இப்போது இருப்பதே போதும்.