வைரஸ் சளிக்காய்ச்சல் யாருக்கு முற்றும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோயும் உண்டு. இரண்டு நாளாக ஃப்ளூ. காய்ச்சல் 100-ஐத் தாண்டவில்லை. பயமில்லைதானே?

காய்ச்சல் குறைவாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வயதானவர்களுக்கு நிமோனியாவே வந்தாலும் உடம்பு அதிகம் சுடாமல் இருக்கலாம். மூச்சை எண்ணுங்கள். அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, எண்ணுவது அவருக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் பாருங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது வேண்டாம். ஒன்று பிசகினால் கணக்கில் நாலு பிசகும்.

12 முதல் 20 வரை இயல்பு. 20-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 25 ஆகிவிட்டால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். பிரிட்டனில் பயன்படும் நியூஸ்-2 மதிப்பீட்டில் (நோயாளியின் நிலைக்குப் புள்ளி போடும் முறை; புள்ளி கூடக் கூட நிலை மோசம்) 25-க்கு 3 புள்ளி. திடீரென்று இடம், நாள் தெரியாமல் குழம்பிப் பேசினாலும் அதே 3. குழப்பத்தை 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு.

இன்னொன்று: வயது, சர்க்கரை இரண்டும் இருப்பதால் மூச்சு சரியாக இருந்தாலும் இன்றே மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும்.

கோவிட் பாசிட்டிவ். ஆக்ஸிமீட்டர் 96 காட்டுகிறது, ஆனால் பாத்ரூம் போய் வந்தாலே இரைக்கிறது.

உட்கார்ந்து எடுத்த 96 பாதிக் கதைதான். நடந்தாலே இரைக்கிறது என்பதால் இன்றே மருத்துவரிடம் போங்கள், அளவைச் சரியாக எடுத்துக் குறித்துக்கொண்டு போங்கள். நகப்பூச்சு, மருதாணி இல்லாத விரலில், ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து, கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுத்து எடுங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். நம்மில் பலருக்கு இது பொருந்தும். அதனால் 94, 95-ஐயும் அலட்சியப்படுத்தாதீர்கள். நேற்று 98 இருந்து இன்று 95 என்றால், அந்த இறக்கம்தான் செய்தி.

இரைப்பே இல்லாதவர்கள், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடந்து பார்க்கலாம். 94-க்குக் கீழே போனாலோ, 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ, தலை சுற்றினாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே 94-க்குக் கீழே இருப்பவர்கள் நடந்து பார்க்கவே கூடாது.

காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்தேன். மறுபடி குளிர் காய்ச்சல், மஞ்சள் சளி.

ஃப்ளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா இப்படித்தான் வரும். காத்திருக்காதீர்கள்.

மூச்சு முட்டாமல் இருக்க முன்கூட்டியே ஸ்டீராய்டு போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில், ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளிடம்தான் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிரிழப்பைக் குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, கெடுதலாகக்கூட இருந்திருக்கலாம். சர்க்கரையையும் அது ஏற்றிவிடும்.

எட்டு மாதக் குழந்தைக்குச் சளி, வேகமாக மூச்சு விடுகிறது.

அழுகை அடங்கியபின் ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50-ம் அதற்கு மேலும் வேக மூச்சு. சட்டையைக் கழற்றிப் பாருங்கள்: மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்காவிட்டாலோ, 12 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, எண்ணிக்கை 50-க்குக் குறைவாக இருந்தாலும் இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள்.