ரோடு ஏன் ஊதாவாக இருக்கிறது?

கேள்வி: டேவிட் ஹாக்னி வரைந்த ‘கேரோபி ஹில்’ என்ற இங்கிலாந்துக் கிராமக் காட்சியை செல்போனில் பார்த்தேன். ரோடு ஊதா நிறம். வயல்கள் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி. ஆறாம் வகுப்பு படிக்கும் என் பையன் இதைவிட ஒழுங்காக வரைவான். அந்தக் காலத்து இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்த கிராமம் கிராமமாக இருந்தது. இதை ரசிப்பதாகச் சொல்கிறவர்கள் நிஜமாகவே ரசிக்கிறார்களா, நடிக்கிறார்களா?

பதில்: நடிக்கிறவர்களும் உண்டு. கச்சேரியில் தாளம் தப்பாகப் போடுகிறவர் இல்லையா, அந்த மாதிரி. அவர்களை விடுங்கள்.

உங்கள் வழக்குக்கு வருவோம். அந்த ஓவியம் ஒன்றரை மீட்டர் உயரம், ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை உள்ளங்கைக்குள் அடக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். நானும் பாஸ்டனுக்குப் போனதில்லை, பெரிய அச்சுப் பிரதியில் பார்த்ததுதான். ஆனால் அந்த ரோட்டில் கொஞ்ச நேரம் இறங்கிப் போயிருக்கிறேன்.

இறங்கத்தான் வேண்டும். படத்தின் அடியில் கிளம்பும் ரோடு, வளைந்து நெளிந்து மலைச்சரிவில் இறங்கி, தூரத்து யார்க் சமவெளியை நோக்கி நூலாக மெலிகிறது. பார்க்கிற ஆளுக்குக் காலடியில் தரை நழுவுகிற மாதிரி இருக்கும். மேட்டில் ஓர் இடத்தில் படம் வரையும் ஸ்டாண்டை ஊன்றி நின்று வரைந்த படமல்ல இது. காரில் போகிறவரின் கண்.

1997-இல் ஹாக்னியின் நெருங்கிய நண்பர் ஜொனாதன் சில்வர் புற்றுநோயில் கிடந்தார். கலிஃபோர்னியாவாசியாகிவிட்ட ஹாக்னி சொந்த மண்ணான யார்க்ஷயருக்கு வந்து, பிரிட்லிங்டனில் தன் அம்மா வீட்டில் தங்கி, அங்கிருந்து வெதர்பிக்கு நண்பரைப் பார்க்க காரில் போய்வந்துகொண்டிருந்தார். வழியெல்லாம் யார்க்ஷயர் வோல்ட்ஸ் குன்றுகள். பள்ளிப் பருவத்தில் கோடை விடுமுறையில் அறுவடை வேலை பார்த்த நிலமும் அதுதான். யார்க்ஷயரை வரையேன் என்று நச்சரித்தவரும் இந்த நண்பர்தான். அந்த வருஷமே அவர் இறந்துபோனார். ‘கேரோபி ஹில்’ வரையப்பட்டது 1998-இல், லாஸ் ஏஞ்சலிஸில், நினைவிலிருந்து. ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போனவருக்கு ரோடு எப்படி நினைவில் தங்குமோ, அப்படித் தங்கியிருக்கிறது. தார் நிறத்தில் தங்கவில்லை. அது போகட்டும், மழை விட்ட சாயங்காலம் உங்கள் தெரு ரோட்டையே பாருங்கள். அது கறுப்பா?

ஒட்டுப்போட்ட போர்வை என்றீர்களே, அதில் தப்பே இல்லை. அந்தச் சுண்ணப்பாறைக் குன்றுகளில் திறந்துகிடந்த நிலத்தைப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றச் சட்டம் போட்டு அளந்து, வேலிகட்டிப் பிரித்தார்கள். ஒட்டுப்போட்டது சர்வேயர். ஹாக்னி கலர் கொடுத்தார்.

அப்புறம் கான்ஸ்டபிள். ஆற்றில் வண்டி நிற்குமே, அந்த ‘ஹே வெய்ன்’ படத்தைத்தானே சொல்கிறீர்கள்? 1821-இல் ராயல் அகாடமி கண்காட்சியில் அது விலைபோகவில்லை. பாரிஸில் 1824-இல் தங்கப் பதக்கம் வாங்கியது. கிராமத்தைக் கண்முன் வைத்து வரைந்ததும் இல்லை, பழைய ஸ்கெட்சுகளைக் கொண்டு லண்டனில் உட்கார்ந்து வரைந்தது. இலையிலும் நீரிலும் ஈரம் பளபளக்க அவர் வைத்த வெள்ளைப் புள்ளிகளை ‘கான்ஸ்டபிளின் வெண்பனி’ என்று அந்தக் காலத்து ஆட்கள் கிண்டலடித்தார்கள். இலை பச்சையாகத்தானே இருக்கும், வெள்ளை எங்கிருந்து வந்தது என்பது அவர்கள் கேள்வி. உங்களுக்கு ஊதா.

ஹாக்னி எது வரைந்தாலும் தலையாட்டுகிற ஆள் நானில்லை. 2011-இல் ஐபேடில் வரைந்து பெரிதாக அச்சிட்ட வசந்தகாலப் படங்களில் பல எனக்கு ஒட்டவில்லை. பச்சை கண்ணைக் கூசவைக்கிறது, பக்கத்தில் போனால் தூரிகையின் தடம் இல்லை. ‘கேரோபி ஹில்’ அந்த ரகமல்ல.

பையன் நன்றாக வரைவான் என்கிறீர்கள், சந்தோஷம். அவன் பாட்டி வீட்டுக்குப் போகும் வழியை வரையச் சொல்லுங்கள். போட்டோ காட்டாதீர்கள், பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள். ரோட்டுக்கு எந்தக் கிரேயானை எடுத்தான் என்று எனக்கு எழுதுங்கள்.