ஐஸ்லாந்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் செய்திஸ்ஃபியோர்துர் என்ற குட்டித் துறைமுகத்துக்கு அப்படி என்ன வரலாறு?

சுருக்கமாகச் சொன்னால், அதை உருவாக்கியது மீன். ஊர் இருப்பது ஒரு ஃபியோர்டின் கரையில். ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். அலை அடங்கிய, ஆழமான நீர். கப்பல் நிற்க அதைவிட என்ன வேண்டும்? 19-ஆம் நூற்றாண்டில் நார்வேக்காரர்கள் ஹெர்ரிங் மீனைத் தேடி இங்கே வந்தார்கள். நம்ம மத்திக்குப் பங்காளிதான் அது. ஐஸ்லாந்தில் மரம் அரிது என்பதால், வீடுகளையே பலகை பலகையாக நார்வேயிலிருந்து கப்பலில் கொண்டுவந்து பொருத்தினார்கள். அந்த வண்ண மரவீடுகளில் பல இன்னும் நிற்கின்றன.

1906-இல் ஐஸ்லாந்தை வெளியுலகோடு இணைத்த முதல் தந்திக் கம்பி கரையேறியது தலைநகரில் இல்லை, இந்த ஊரில்தான். அதுவரை ஐரோப்பியச் செய்தி எதுவானாலும் கப்பல் வந்தால்தான் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் இது நேசநாடுகளின் தளம். 1944-இல் ஜெர்மன் விமானங்கள் தாக்கிய எல் கிரில்லோ என்ற எண்ணெய்க் கப்பல் இன்றும் ஃபியோர்டின் அடியில் கிடக்கிறது.

ஊருக்கு வாழ்வு தந்த கடலைவிட, பின்னால் நிற்கும் மலைதான் அதிகம் படுத்தியிருக்கிறது. 1885 பனிச்சரிவில் 24 பேர் இறந்தார்கள். 2020 டிசம்பரில் அடைமழை பெய்து மண் சரிந்ததில் வீடுகள் போயின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

இப்போது டென்மார்க்கிலிருந்து கார்களோடு வரும் பயணிகள் கப்பல் ஒதுங்குவது இங்கேதான்.