கேளிருக்குச் சுழி வேண்டாம்

கேள்வி: மனித சகோதரத்துவம், விடாமுயற்சி, வாழ்க்கையின் வியப்பு மூன்றையும் ஒருசேரச் சொல்லும் தமிழ்க் கவிதை எது?
(வாசகி ஒருவர், பெரம்பலூர்)

பதில்: ‘சகோதரத்துவம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. உதரம் என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவன் சகோதரன். உலகத்தையே உறவு என்று சொல்ல வந்த சொல், பிறந்த வயிற்றை விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. கேட்கிற நீங்களே ஒரு பெண். உங்களுக்கும் அதில் இடமில்லை.

நம்மிடம் அதைவிடப் பெரிய சொல் இருக்கிறது: கேளிர். ஆண், பெண், சுற்றம், நட்பு எல்லாம் அதில் அடக்கம். கேண்மையும் அதே வேரில் முளைத்ததுதான். ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்?’ என்று குறுந்தொகை 40இல் ஒருவன் தன் காதலியிடம் கேட்கிறான். உன் அப்பாவும் என் அப்பாவும் எந்த முறையில் உறவு? ஒரு முறையிலும் இல்லை. ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்துவிட்டன. அவன் இருவருக்குள் கண்டதை ஊர் உலகத்துக்கே விரித்தவர் கணியன் பூங்குன்றனார்: ‘யாதும் ஊரே, யாவரும் கேளிர்.’ புறநானூறு 192.

முதல் அடியோடு கைதட்டிவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம். அந்த அடிக்குக் காரணமே பின்னால்தான் வருகிறது. மின்னலோடு மழை பெய்கிறது. கல்லில் மோதி இரையும் பேராறு. அதில் ஒரு புணை, அதாவது தெப்பம், நீர் போகும் வழியில் போகிறது. உயிரும் அப்படித்தான் என்கிறார். நான் உயரத்தில் இருப்பதும் நீங்கள் தாழ்வில் இருப்பதும் ஆறு கொண்டுபோய் ஒதுக்கிய கரை என்று தெரிந்த பிறகு யாரை ஏளனம் செய்வது? ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.’ அந்த ‘அதனினும்’ என்ற சொல்லுக்காகவே இந்தப் பாட்டை ஆயிரம் முறை படிக்கலாம்.

ஆக, நீங்கள் கேட்ட வியப்பை இவர் வேண்டாம் என்கிறார். விடாமுயற்சியும் பாட்டில் இல்லை. அது பாட்டு நம் கைக்கு வந்த கதையில் இருக்கிறது. ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டார். நானூறு பாட்டில் 267, 268 இரண்டும் கிடைக்கவே இல்லை. பல பாட்டுகளில் அடிகள் சிதைந்து கிடக்கின்றன. 192ஆம் ஏட்டைச் செல்லரித்திருந்தால்? நினைத்தாலே அடிவயிறு கலங்குகிறது.

அப்படி வந்து சேர்ந்த பாட்டை நாம் என்ன செய்கிறோம்? சென்ற மாதம் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போனேன். வாசல் வளைவில் ‘யாவரும் கேளீர்’. எல்லாரும் கேளுங்கள் என்று அர்த்தம்! உறவு என்றவரை ஒலிபெருக்கி அறிவிப்பாளர் ஆக்கிவிட்டார்கள். எழுதிய ஓவியர் அங்கேயே இருந்தார். “தம்பி, ‘ளி’க்கு மேலே சுழி வரக்கூடாது. கேளிர்னா சொந்தக்காரங்க” என்றேன். அண்ணாந்து ஒரு நிமிடம் பார்த்தார். “அப்ப எல்லாரும் சொந்தம்னா எழுதியிருக்கு? இத்தனை வருஷமா தெரியாமப் போச்சே சார்” என்றவர், ஏணியைச் சாத்தி ஏறி, வெள்ளை பெயிண்ட்டைத் தொட்டு அந்தச் சுழியை அடைத்தார்.