பள்ளி விட்டு வந்த முதல் ஒரு மணி நேரம்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறலும் அடக்க முடியாத துடிப்பும் காணப்படும் வளர்ச்சிக் குறைபாடு) இருப்பதாகச் சென்ற ஆண்டு மருத்துவர் உறுதிசெய்தார். காலையில் மாத்திரை கொடுக்கிறோம். வகுப்பில் இப்போது பரவாயில்லை என்கிறார் ஆசிரியை. ஆனால் 4 மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வீசுகிறான், தங்கையை அடிக்கிறான், எதைச் சொன்னாலும் அழுகிறான். அரை மணி நேர வீட்டுப்பாடம் இரவு 9 மணி வரை இழுக்கிறது. பள்ளியில் அடங்கி இருப்பவன் என்னிடம் மட்டும் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறானா? மாலை நேரத்தை எப்படித்தான் ஒழுங்குபடுத்துவது?

பதில்: வேண்டுமென்றே செய்யவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சந்தேகம் உங்கள் மனதில் இருக்கும்வரை எந்த அட்டவணையும் வீட்டில் நிலைக்காது.

இடத்தை விட்டு எழாமல் இருப்பது, நினைத்ததை உடனே சொல்லிவிடாமல் இருப்பது, பக்கத்து மேசைச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் இருப்பது எல்லாம் மற்றக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானாக நடந்துவிடும். உங்கள் மகன் அவை ஒவ்வொன்றையும் பாடுபட்டுச் செய்கிறான். ஆறேழு மணி நேரம் இறுக்கிப் பிடித்திருந்த கை வீட்டு வாசலில் தளர்கிறது. இங்கே தளரலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அது உங்கள்மேல் அவனுக்கு உள்ள நம்பிக்கை.

மாத்திரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏ.டி.எச்.டி.க்குப் பரவலாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட்டின் சாதாரண வகை 3 அல்லது 4 மணி நேரமே வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகைகள் 8 முதல் 12 மணி நேரம் வரை தாங்கும். அதன் வேகம் இறங்கும்போது சில குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் போல எரிச்சலும் அழுகையும் மேலோங்கும். இந்த மருந்து பசியையும் மட்டுப்படுத்தும். மதியச் சாப்பாடு பாதிக்கு மேல் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் 4 மணிக்கு உங்கள் முன் நிற்பவன் களைத்த, பசித்த, மருந்து இறங்கிக்கொண்டிருக்கும் குழந்தை. அவனிடம் "இன்று என்ன வீட்டுப்பாடம்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

ஆகவே முதல் ஒரு மணி நேரத்தில் படிப்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வந்ததும் வயிறு நிறையச் சாப்பிடக் கொடுங்கள். (இனிப்பு கொடுத்தால் ஆட்டம் கூடுமோ என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்பதை 1995-லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டிவிட்டார்கள்.) பிறகு ஓடட்டும், குதிக்கட்டும், சைக்கிள் ஓட்டட்டும். 20 நிமிடம் மிதமான வேகத்தில் உடற்பயிற்சி செய்த ஏ.டி.எச்.டி. குழந்தைகள் அதன் பிறகு கவனச் சோதனைகளில் மேலாகச் செய்ததை 2013-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. தங்கையை அந்த நேரத்தில் வேறு அறையில் வைத்திருங்கள். பாதி அடிதடி அதிலேயே குறையும். செல்போனும் தொலைக்காட்சியும் இங்கே நுழையக் கூடாது. அவற்றிலிருந்து அவனைப் பிரித்தெடுப்பது இன்னொரு போராகிவிடும். மாலையின் கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீங்கள் ஓயாமல் நினைவூட்டுவது. "கை கழுவி, உடை மாற்றி, டைரியை எடுத்துக்கொண்டு வா" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். மூன்றையும் மனதில் ஏந்திக்கொண்டு முதல் வேலையைச் செய்யும் திறன் அவனுக்குக் குறைவு. கை கழுவப் போனவன் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருப்பது கீழ்ப்படியாமையால் அல்ல. மூளையின் வெளி அடுக்கான புறணியின் பெரும்பகுதி, முதிர்ச்சியின் அடையாளமான உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றக் குழந்தைகளுக்குச் சராசரியாக ஏழரை என்றால், ஏ.டி.எச்.டி. குழந்தைகளுக்கு அது பத்தரை என்று 2007-இல் ஓர் அமெரிக்க ஆய்வுக் குழு கண்டறிந்தது. இதை வைத்து அவனைச் சின்னக் குழந்தையாக நடத்திவிடாதீர்கள். அவன் அறிவில் குறையில்லை. தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறன் மட்டும் தாமதமாக வருகிறது.

அதுவரை நினைவூட்டும் வேலையை உங்கள் குரலிலிருந்து சுவருக்கு மாற்றிவிடுங்கள். சாப்பாடு, விளையாட்டு, வீட்டுப்பாடம், பை அடுக்குதல், பிடித்த பொழுதுபோக்கு என ஐந்து படங்கள் போதும். அவனே வரையட்டும். ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு கிளிப்பை அவன் கையால் கீழே நகர்த்த வேண்டும். "அடுத்து என்ன?" என்று கேட்டால் சுவரைக் காட்டுங்கள், பேச வேண்டாம். இது முதல் வாரத்தில் மிகவும் கடினம், பிள்ளையைவிடப் பெற்றோருக்கு!

வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக உடையுங்கள். "இன்னும் பத்து நிமிடம்" என்ற சொல் அவனுக்குக் காற்று; வண்ணப் பகுதி சுருங்கிக்கொண்டே வரும் டைமரைக் கண் எதிரே வையுங்கள். நின்றுகொண்டு எழுதினாலும் காலை ஆட்டினாலும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் யாராவது தம் சொந்த வேலையோடு அமர்ந்திருந்தால் போதும், சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. எளிதான ஒன்றில் தொடங்கி, கடினமானதை இரண்டாவதாக வைப்பதே என் வழக்கம். ஒவ்வொரு துண்டை முடித்ததற்கும் பரிசாக ஒரு வில்லை (பிளாஸ்டிக் வட்டு போன்ற ஒன்று) கொடுங்கள். அன்று மாலையே அதற்குப் பலன் கிடைக்க வேண்டும். ஆண்டு இறுதியில் வாங்கித் தருவதாகச் சொல்லும் சைக்கிள் இந்தக் குழந்தைகளுக்கு எட்டாத தொலைவு. சம்பாதித்த வில்லையைக் கோபத்தில் பறிக்காதீர்கள்.

இரவு 9 மணி வரை இழுப்பதை இன்றே நிறுத்துங்கள். 7 மணி என்று வைத்துக்கொண்டால், முடிந்தாலும் முடியாவிட்டாலும் 7-க்குப் பை மூடப்பட வேண்டும். 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. அது குறைந்தால் மறுநாள் கவனம் இன்னும் சிதறும், வீட்டுப்பாடம் இன்னும் நீளும். ஆசிரியையிடம் முன்கூட்டியே பேசுங்கள்: பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து, மீதிக்கு உங்கள் கையெழுத்தோடு ஒரு வரிக் குறிப்பு. சலுகை கேட்கிறோமே என்று கூச வேண்டாம். ஐந்து கணக்கிலேயே அவனுக்குப் புரிந்ததா என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் செய்தும் எரிச்சல் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தால், மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்டது, அழுகை தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், தூங்கிய நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் வகையையோ வேளையையோ மாற்றலாமா என்று அவர் முடிவுசெய்ய அந்தக் குறிப்பு பெரிதும் உதவும். மாலையில் அரை மாத்திரையை நீங்களாகக் கூட்டிக் கொடுக்காதீர்கள். இரவுத் தூக்கம் கெட்டுவிடக்கூடும்.